சணல் மேல் பழி போட மாட்டேன்

என் நாத்தனாரின் மணிக்கட்டு சப்போர்ட் ஒரு புதன்கிழமை காலையில் உடைந்தது. அதைச் செய்து கொடுத்தவள் நான்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே மருத்துவமனையில்தான் வேலை பார்க்கிறோம். அவள் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில். நான் அதற்கு அடுத்த அறையில், எலும்புப் பிரிவின் பட்டறையில். நடுவில் ஒரே ஒரு சுவர். இரண்டு அறைக்கும் பொதுவாக மேலே எப்போதும் கொஞ்சம் கசிகிற நீராவிக் குழாய் ஒன்று ஓடுகிறது. அவள் அங்கே படுக்கை விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, தேய்க்கிறாள். நான் இங்கே கை, கால், கழுத்து, இடுப்பு என்று உடம்பில் எது தாங்க மாட்டேன் என்கிறதோ அதற்கு ஒரு தாங்கல் செய்கிறேன்.

பதினாறு வருடம் விரிப்பு பிழிந்து அவளுடைய வலது மணிக்கட்டு போய்விட்டது. கட்டைவிரல் பக்கம் நரம்பு இழுத்துக்கொள்ளும். சப்போர்ட் இல்லாமல் ஒரு குவளைத் தண்ணீர்கூடத் தூக்க மாட்டாள். சப்போர்ட் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. அவளுடைய நிலைமை அவ்வளவுதான்.

அன்று அவள் எங்கள் பட்டறைக்குள் வந்தபோது வலது கையை இடது கையால் ஏந்திப் பிடித்திருந்தாள். உள்ளங்கையில் ஒரு கோடு மாதிரி ரத்தம்.

"அண்ணி, இதோ பாருங்க உங்க கைவேலையை!" என்று இரண்டு துண்டை என் மேஜைமேல் போட்டாள். "மெஷின்லேர்ந்து ஈர மூட்டையை இழுக்கறேன், டப்புன்னு ரெண்டாப் போச்சு. கை அப்படியே பின்னாடி மடங்கிடுச்சு. உயிரே போய்ட்டு வந்துது."

"உக்காருடி. கையைக் காட்டு."

"கையைக் காட்டித்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கேன்."

ஐஸ் வைத்து, மெத்தென்று துணி சுற்றி, மேலே டாக்டரம்மாவிடம் அனுப்பிவைத்தேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மணிக்கட்டு பலூன் மாதிரி வீங்கிவிட்டது. அவள் போன பிறகுதான் அந்த இரண்டு துண்டையும் கையில் எடுத்தேன்.

இந்த சப்போர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறையில் ஒரு பிரிண்டர் இருக்கிறது. காகிதத்தில் அடிக்கிற பிரிண்டர் இல்லை. சுருளாகச் சுற்றிய இழையை உருக்கி, மெல்லிய கோடாக, வரிசைமேல் வரிசையாக அடுக்கி ஒரு பொருளையே கட்டி எழுப்புகிற இயந்திரம். ஆளுடைய கையை அளந்து கணினியில் வடிவம் போட்டுக் கொடுத்தால், இரண்டு மணி நேரத்தில் அந்தக் கைக்கென்றே ஒரு சப்போர்ட் வந்துவிடும். சலவைக்கூடத்துக்காரர்கள் அதற்கு நூல் கக்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு நாரக்கா என்று.

முதல் ஒரு வருடம் கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்கில் செய்தோம். உறுதிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் ஓரம் தேயத் தேய அந்த இழை தோலைக் குத்தும். என் நாத்தனாருக்கு முழங்கை வரை தடிப்புத் தடிப்பாக வந்தது. வியர்வையும் சோப்பு நீரும் பட்டால் எரிச்சல் வேறு. அவளை மாதிரி இன்னும் பத்துப் பதினைந்து பேர் கழற்றி வீட்டில் எறிந்துவிட்டு வலியோடு நடந்தார்கள்.

அப்போதுதான் சணலுக்கு மாறினோம். மக்காச்சோளத்திலிருந்து எடுக்கிற பிளாஸ்டிக்கில் சணல் நாரைப் பொடியாக்கிக் கலந்த இழை. பழுப்பாக, மரம் மாதிரி இருக்கும். லேசு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஓரம் வழுவழுப்பாகிவிடும், குத்தாது. நான்கு மாதத்தில் நாற்பத்தொரு பேருக்குப் போட்டுவிட்டோம். என் நாத்தனார் முதல் ஆள். அவளுடைய தோல் ஆறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

சணலுக்கு ஒரு குணம் உண்டு. ஈரத்தைக் குடிக்கும். இழைச் சுருளைத் திறந்து வைத்தால் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதை அப்படியே பிரிண்டரில் போட்டால், சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி இழைக்குள்ளேயே வெடிக்கும். வெளியே பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே ஓட்டை ஓட்டையாக, வரிசையும் வரிசையும் ஒட்டாமல் நிற்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அச்சிடுவதற்கு முன்னால் சுருளை உலர்த்தும் பெட்டியில் ஆறு மணி நேரம் வைக்க வேண்டும். வைத்ததை ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த விதியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவளே நான்தான்.

உடைந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சின்னச் சின்னக் குழிகள். பஞ்சு மாதிரி இருந்தது.

உடனே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. சனிக்கிழமை மதியம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் சுருளைப் பிரிண்டரிலேயே விட்டுவிட்டுப் போனேன். இரண்டு நாள் அது நீராவிக் குழாய்க்குக் கீழே திறந்தே கிடந்தது. திங்கள் காலை வந்தால் நடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஆறு மணி நேரம் உலர்த்தினால் அன்றைக்கு ஒரு சப்போர்ட்டுக்கு மேல் வராது. இரண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஓட்டிவிட்டேன். அச்சாகும்போது பொரிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கேட்டேன். நிறுத்தவில்லை. அன்று மூன்று சப்போர்ட் செய்தேன், அதில் ஒன்று அவளுடையது. பழையது தளர்ந்துவிட்டது என்று புதிதாகக் கேட்டிருந்தாள்.

அதைவிட மோசம், சாயந்தரம் ரெஜிஸ்டரை எடுத்து வழக்கம்போல எழுதினேன். சுருள் உலர்த்தியது, ஆறு மணி நேரம். கீழே என் கையெழுத்து. பொய் எழுதுகிறோம் என்று நினைத்துக்கூட எழுதவில்லை. கை தானாக எழுதியது. ஆனால் பொய் பொய்தான்.

அந்த நிமிஷமே போனை எடுத்து மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டேன். ஒருவர் தையல்காரர், இன்னொருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அம்மா. "கழற்றி வச்சிடுங்க, இன்னைக்கே பட்டறைக்குக் கொண்டு வாங்க, பழசைப் போட்டுக்கலாம்" என்றேன். தையல்காரர், "ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?" என்றார். "நல்லா இருக்கிற மாதிரி இருக்கு. கழட்டுங்க" என்றேன்.

மதியம் ஸ்கேல் சார் வந்தார். பட்டறையின் பொறுப்பாளர். சட்டைப் பையில் எப்போதும் ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல் இருக்கும், அதனால் அந்தப் பெயர். நல்ல மனுஷன். யாரையும் திட்ட மாட்டார். அவர் வரும்போதே கையில் ஒரு தாள் இருந்தது.

"ரிப்போர்ட் எழுதிட்டேன். ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார்.

வாங்கிப் படித்தேன். தலைப்பு: சணல் இழை சப்போர்ட் தோல்வி. உள்ளே, உலர்த்துதல் உட்பட எல்லா நடைமுறையும் சரியாகப் பின்பற்றப்பட்டது ரெஜிஸ்டரிலிருந்து தெரிகிறது, இருந்தும் பொருள் உடைந்தது, ஆகவே இந்த இழை மருத்துவப் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல, பழையபடி கண்ணாடி இழைக்கே திரும்பலாம் என்று இருந்தது.

"இதுல ஒரு தப்பு இருக்கு சார்."

"எழுத்துப் பிழையா?"

"இல்ல சார். உலர்த்தல. நான்தான் உலர்த்தாம ஓட்டினேன்."

அவர் ஸ்கேலை எடுத்து மேஜை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க சொன்னது என் காதுல விழல. ரெஜிஸ்டர்ல ஆறு மணி நேரம்னு இருக்கு."

"அது பொய் சார்."

"ஏம்மா, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒண்ணு, உங்க நாத்தனார் சூடான இஸ்திரிக்குப் பக்கத்துல வச்சு இளக்கிட்டாங்கன்னு எழுதலாம்..."

"சூட்டுல போனா வளையும் சார், உடையாது. பாருங்க, நேரா வெட்டின மாதிரி வரிசையிலேயே பிரிஞ்சிருக்கு."

"சரி, அதனாலதான் அவங்க மேல போடல. சணல் மேல போட்டேன். சணலுக்குப் புள்ளை குட்டி இருக்கா? மெமோ வந்தா அழுமா? யாருக்கும் நஷ்டம் இல்ல."

"நாப்பத்தொரு பேருக்கு நஷ்டம் சார். நாளைக்கு எல்லாத்தையும் கழட்டி அந்தக் கண்ணாடித் தூளை மாட்டுவீங்க."

"உங்களுக்கு வேலை முக்கியமா, சணல் முக்கியமா?"

"ரெண்டும் வேணும் சார்."

சிரித்துவிட்டார் பாவம். ஆனால் தாளை விடவில்லை. செவ்வாய்க்கிழமை விசாரணைக் கமிட்டி உட்காரும், அதற்குள் யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். கமிட்டி முடிகிற வரை நான் மெஷினைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் என் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவரே வழி காட்டும்போது உனக்கென்ன? வாயை மூடிட்டுக் கையெழுத்துப் போடேன்" என்றார். அவருக்குத் தன் தங்கையின் கையும் கவலை, என் வேலையும் கவலை. நடுவில் மாட்டிக்கொண்டு டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

நாத்தனார் வீடு எங்களுக்கு எதிர் வாசல்தான். கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போனதுமே ஆரம்பித்தாள்.

"ஏன் அண்ணி, சணலை நிறுத்தப் போறாங்களாமே? இனிமே அந்த அரிப்பெடுத்த சனியனையா நான் மாட்டணும்? உங்க ஸ்டோர்ஸ்காரன் ரூம் முழுக்க அந்தக் கண்ணாடி இழைச் சுருளை அடுக்கி வச்சிருக்கான். எப்படா கழியும்னு காத்துக்கிட்டு இருந்தான். இப்ப என் கையை வச்சுக் கழிச்சுக்கப் போறான்."

"சணல் மேல தப்பு இல்லடி."

"அப்ப யார் மேல? என் மேலயா?"

"என் மேல."

எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை, திங்கட்கிழமை, ரெஜிஸ்டர், எல்லாம்.

"பொரியற சத்தம் வந்துச்சுன்னு சொன்னீங்களே, அது கேட்டும் ஓட்டினீங்களா?"

"ஆமா."

"எனக்குன்னு தெரிஞ்சும்?"

"ஆமாடி. ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"போங்க அண்ணி" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எந்திரிச்சுப் போயிடுங்க. நான் ஏதாவது சொல்லிடப் போறேன்."

எழுந்து வந்துவிட்டேன். அடுத்த ஐந்து நாள் அவள் எதிர் வாசல் கதவைத் திறக்கும்போது நான் திறக்கவில்லை, நான் திறக்கும்போது அவள் திறக்கவில்லை.

வாயால் சொன்னால் போதாது என்று எனக்குத் தெரிந்தது. நான் தப்பு செய்தேன் என்று சொன்னால், இந்தம்மா சணல் மேல் இருக்கிற பாசத்தில் பழியைத் தூக்கிப் போட்டுக்கொள்கிறாள் என்பார்கள். காட்ட வேண்டும். சனிக்கிழமை மதியம் ஒரே பெட்டியிலிருந்து இரண்டு சுருள் எடுத்தேன். ஒன்றை உலர்த்தும் பெட்டிக்குள் வைத்து மூடினேன். இன்னொன்றை அதே பிரிண்டரில், அதே குழாய்க்குக் கீழே, திறந்தபடி விட்டுவிட்டு வந்தேன். திங்கள் காலை ஏழு மணிக்கெல்லாம் பட்டறைக்குப் போய், நாத்தனாரின் கை அளவிலேயே இரண்டு சப்போர்ட் போட்டேன். ஒரே வடிவம், ஒரே சூடு, ஒரே வேகம். ஈரச் சுருளில் மறுபடியும் பொரிகிற சத்தம். இந்த முறை பக்கத்திலேயே உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். கேட்க வேண்டும் என்று தோன்றியது.

இரண்டாவது சப்போர்ட் பாதி வந்துகொண்டிருக்கும்போது ஸ்கேல் சார் உள்ளே வந்தார்.

"மெஷினைத் தொடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"அப்புறம்?"

"தொட்டேன் சார்."

"நிறுத்துங்க."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு சார். முடிஞ்சதும் நானே நிறுத்தறேன்."

"நான் ஸ்விட்சைப் பிடுங்கவா?"

"பிடுங்குங்க. நாளைக்கு கமிட்டில ஏன் பிடுங்கினீங்கன்னு கேப்பேன்."

அவர் ஸ்விட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தும்போது மெதுவாகத்தான் சாத்தினார்.

செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு மேல்மாடியில் டாக்டரம்மாவின் அறையில் கமிட்டி. டாக்டரம்மா, ஸ்டோர்ஸ்காரர், ஸ்கேல் சார், நான். டாக்டரம்மா எலும்புப் பிரிவின் தலைவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் மறுபேச்சு இருக்காது. ஸ்டோர்ஸ்காரர் முன்கூட்டியே வந்து மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்திருந்தார்.

ஸ்கேல் சார் ரிப்போர்ட்டைப் படித்தார். முடிந்ததும் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "உங்க கையெழுத்து இல்லையே?" என்றார்.

"போட மாட்டேன் டாக்டர். அதுல இருக்கிறது நிஜம் இல்ல. நான் சுருளை உலர்த்தாம அச்சடிச்சேன். உலர்த்தினதா ரெஜிஸ்டர்ல எழுதினேன். அது பொய். இதோ எழுதிக் கொண்டு வந்திருக்கேன்." என் தாளை நீட்டினேன்.

ஸ்டோர்ஸ்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். "டாக்டர், இவங்களுக்கு அந்த நார் மேல ஒரு இது. அதைக் காப்பாத்தத் தன் தலையிலேயே போட்டுக்கறாங்க."

"அப்படிச் சொல்வீங்கன்னு தெரியும் சார். அதான் ரெண்டு பண்ணிட்டு வந்திருக்கேன்."

இரண்டு சப்போர்ட்டையும் மேஜைமேல் வைத்தேன். ஒன்றின் உள்பக்கம் ஈரம் என்று எழுதியிருந்தேன், இன்னொன்றில் காய்ந்தது என்று. ஸ்டோர்ஸ்காரர் இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பினார். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"அதான் சார் ஆபத்து. எடை போட்டாத்தான் தெரியும்."

"எடை எங்கே?" என்றார் டாக்டரம்மா.

நான் பட்டறையிலிருந்து எடைக்கற்கள் கொண்டுவரக் கேட்டிருந்தேன். ஸ்கேல் சார் அலமாரிச் சாவி இல்லை என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்ல வாயெடுத்தபோது கதவை முட்டியால் தள்ளித் திறந்துகொண்டு யாரோ வந்தார்கள். என் நாத்தனார். வலது கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில், இடது கையில் ஒரு பெரிய வாளி. வாளி நிறைய ஈர விரிப்பு. தரையெல்லாம் சொட்டியது.

"கமிட்டி நடக்குதும்மா" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

"தெரியும். என் கையைப் பத்தித்தானே? என்னைக் கூப்பிடாம என் கையைப் பத்திப் பேசினா எப்படி? கையை மட்டும் அனுப்பி வைக்க முடியுமா?" வாளியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. "டாக்டரம்மா, இதை இழுக்கும்போதுதான் உடைஞ்சுது. இதையே தொங்க விட்டுப் பாருங்க."

டாக்டரம்மாவின் உதடு கொஞ்சம் அசைந்தது. "சரி. மாட்டுங்க."

சப்போர்ட்டின் முழங்கைப் பக்கத்தை மேஜை விளிம்பில், கொண்டுவந்திருந்த இரண்டு திருகு இடுக்கி போட்டு இறுக்கினேன். விரல் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அறை மூலையில் இருந்த ஒரு காலி வாளியை எடுத்து அதில் கட்டித் தொங்கவிட்டேன். முதலில் ஈரச் சுருளில் செய்தது. நாத்தனார் இடது கையால் ஒவ்வொரு விரிப்பாக எடுத்துப் போட்டாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதைப் போட்டுக் கையை எடுக்கவில்லை, டப்பென்று பிரிந்து வாளி தரையில் விழுந்தது. ஸ்டோர்ஸ்காரரின் பேன்ட் நனைந்தது.

"இதே சத்தம்தான்" என்றாள் நாத்தனார்.

அடுத்து காய்ந்தது. மூன்று, நான்கு, ஐந்து. சப்போர்ட் ஒரு நூல் அளவு தாழ்ந்தது, அவ்வளவுதான். ஆறு, ஏழு. கொண்டுவந்த விரிப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. "இன்னும் கொண்டு வரட்டா? கீழே ஒரு வண்டி கிடக்கு" என்றாள்.

"மேஜை தூக்கிக்கும், போதும்" என்றார் டாக்டரம்மா. உடைந்த துண்டைக் கையில் எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். புதன்கிழமைத் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் அதே குழிகள்.

ஸ்டோர்ஸ்காரர் பேன்ட்டைத் துடைத்துக்கொண்டே ஒன்று கேட்டார். நியாயமான கேள்விதான், அதனால் சொல்கிறேன். "சரி, இவங்க தப்புன்னே வச்சுக்குவோம். ஒரு ஆள் ஒரு நாள் மறந்தா ஒரு நோயாளி கை போகுது. அப்படிப்பட்ட சரக்கு ஆஸ்பத்திரிக்கு எதுக்கு? கண்ணாடி இழைக்கு இவ்வளவு கெடுபிடி கிடையாதே."

"ஊசியைச் சுத்தம் பண்ணாமக் குத்தினா சீழ் பிடிக்கும் சார். அதுக்காக ஊசியையா நிறுத்தினோம்? குத்தின ஆளைத்தானே கேட்டோம்? என்னைக் கேளுங்க. தண்டனை குடுங்க. சணலை விடுங்க."

"நீங்க திரும்ப மறக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் கிடையாது சார். ஒருத்தி கையெழுத்தை நம்பினதுதான் தப்பு. என் கையெழுத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன். இனிமே சுருளை ஒருத்தர் பெட்டில வைக்கணும், இன்னொருத்தர் எடுக்கணும். ஒவ்வொரு சப்போர்ட்டையும் ஆள் கையில மாட்டறதுக்கு முன்னால இப்படி எடை தொங்க விடணும். ஏழு விரிப்பு தாங்கலைன்னா குப்பைத் தொட்டிக்கு."

"விரிப்பெல்லாம் கணக்கா? கிலோல சொல்லுங்க" என்றார் ஸ்கேல் சார், தன்னை மறந்து. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா உடைந்த துண்டுகளைக் கீழே வைத்தார். பிறகு தன் முடிவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். சணல் சப்போர்ட் தொடரும். ஒவ்வொன்றுக்கும் எடைச் சோதனை உண்டு. பொய்யாக எழுதியதற்கு எனக்கு மெமோ. மூன்று மாதம் நான் பிரிண்டரைத் தொடக் கூடாது, சப்போர்ட்டுக்குப் பட்டை தைக்கிற மேஜையில் உட்கார வேண்டும். அதுவரை பிரிண்டரை ஸ்கேல் சார் ஓட்டுவார்.

"நானா?" என்றார் ஸ்கேல் சார்.

"நீங்கதான். ரிப்போர்ட் இவ்வளவு வேகமா எழுதறீங்களே, மெஷினும் ஓட்டிப் பாருங்க." என் பக்கம் திரும்பினார். "சம்மதமா?"

"மெமோவுக்குச் சம்மதம் டாக்டர். மூணு மாசத்துக்கும் சம்மதம். ஆனா அந்த ரிப்போர்ட்டோட தலைப்புக்குச் சம்மதம் இல்ல. சணல் இழை சப்போர்ட் தோல்வின்னு ஃபைல்ல இருந்தா, நாலு வருஷம் கழிச்சு எடுத்துப் பாக்கறவங்க தலைப்பை மட்டும் படிச்சிட்டு மூடிடுவாங்க. மாத்தினாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

"என்னன்னு மாத்தணும்?" ஸ்கேல் சார் சலித்துக்கொண்டார்.

"உலர்த்தாமல் அச்சிட்டதால் உடைந்த சப்போர்ட். அச்சிட்டவர் இன்னார்னு என் பேரையும் போடுங்க."

"தலைப்பிலேயேவா?"

"தலைப்பிலேயே."

அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா தலையசைத்தார். ஸ்கேல் சார் அங்கேயே கணினியில் தலைப்பையும் உள்ளே இருந்ததையும் மாற்றி அடித்து எடுத்துக் கொடுத்தார். நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

வெளியே நடையில் நாத்தனார் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். ஐந்து நாள் கழித்து முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களை நான் இன்னும் மன்னிக்கல. அதைத் தெரிஞ்சுக்கோங்க" என்றாள்.

"தெரியுது."

"வாளியைத் தூக்கிட்டு வந்தது உங்களுக்காக இல்ல. என் தோலுக்காக."

"அதுவும் தெரியுது."

வாளியை நான் வாங்கிக்கொண்டேன். படியிறங்கிக் கீழே வந்தோம். பட்டறை வாசலில் நின்று, தூளியிலிருந்து கையை வெளியே எடுத்து நீட்டினாள்.

"சரி, அளவு எடுங்க. நாளைக்குள்ள எனக்குப் புதுசு வேணும்."

"நான் மெஷினைத் தொடக் கூடாதுடி."

"மெஷினைத்தானே தொடக் கூடாதுன்னாங்க? என் கையைத் தொடக் கூடாதுன்னாங்களா?"

அளவு நாடாவை எடுத்தேன். மணிக்கட்டைச் சுற்றி ஒரு சுற்று வைத்துப் பார்த்துவிட்டு, எழுதாமலே சுருட்டிக்கொண்டேன்.

"இன்னும் வீக்கம் இருக்கு. இப்ப எடுத்தா வடிஞ்சதும் லொடலொடன்னு ஆயிடும். நாலு நாள் போகட்டும்."

"நாலு நாள் நான் எப்படி வேலைக்குப் போறது?"

"போகாத. டாக்டரம்மாகிட்ட லீவு எழுதி வாங்கித் தரேன்."

"மெமோ வாங்கின ஆளுக்கு இவ்வளவு திமிரா? ரெண்டு நாள்."

"நாலு நாள்."

"மூணு."

"நாலுடி. நீ கத்தினாலும் நாலுதான்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே கையைத் தூளிக்குள் விட்டாள். ஒரு கையால் முடிச்சு எட்டவில்லை. திரும்பி நின்று பின்கழுத்தைக் காட்டினாள். கட்டிவிட்டேன்.